ஃபைல் பார்த்தவர் ஃபைல் பிடிக்கப் போகலாமா?

அமெரிக்காவில் வீட்டுக் கடன் அண்டர்ரைட்டராக நாலைந்து வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வரும்: ‘நான் பாஸ் பண்ணுகிற கடனுக்கு லோன் ஆபீசர் கமிஷன் வாங்குகிறார். நானும் அந்தப் பக்கம் போனால் என்ன?’ 2022-இல் வட்டி ஏறி விண்ணப்பங்கள் வற்றிய பிறகு, பலருக்கு இது ஆசையாக இல்லாமல் அவசியமாகவே ஆகிவிட்டது.

போகலாம். அப்பார்ட்மெண்ட், கடை, கிடங்கு போன்ற வணிகக் கட்டடங்களுக்குக் கடன் பிடிக்கும் ஒரிஜினேஷன் வேலைக்குத் தேவையான முக்கியமான சரக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. எந்தக் கடன் கமிட்டியில் தேறும், எது தேறாது என்ற மோப்பம்தான் அது. ஆனால் கணக்கையும் ஆட்களையும் வருமானத்தையும் இனி வேறு கண்ணால் பார்க்கப் பழக வேண்டும்.

கட்டடம்தான் விண்ணப்பதாரர்

வீட்டுக் கடனில் ஆளைப் பார்த்தீர்கள்: சம்பளச் சீட்டு, கிரெடிட் ஸ்கோர், வருமானத்தில் கடனுக்குப் போகும் பங்கு. நான்கு குடியிருப்புகளுக்கு மேல் போனால் வணிகக் கடன். அங்கே முதல் கேள்வி, கட்டடம் தன் தவணையைத் தானே சம்பாதிக்குமா என்பது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 24 வீடுகள் கொண்ட அப்பார்ட்மெண்ட், தலா 1,200 டாலர் மாத வாடகை. ஆண்டுக்கு 3,45,600. காலியாகக் கிடப்பதற்கு 5 சதவீதம் கழித்தால் 3,28,320. வரி, இன்ஷூரன்ஸ், பராமரிப்புக்கு 1,28,320 போக, நிகர வருமானம் 2 லட்சம் டாலர். விலை 32 லட்சம். ‘75 சதவீதம் கிடைக்கும், அதாவது 24 லட்சம்’ என்று வாங்குபவர் மனக்கணக்கு போட்டு வைத்திருப்பார்.

ஆனால் நிகர வருமானம் ஆண்டுத் தவணையைப் போல 1.25 மடங்கு இருக்க வேண்டும் என்று கடன் தருபவர் சொன்னால், தவணை 1.6 லட்சத்தைத் தாண்டக் கூடாது. 6.5 சதவீத வட்டி, 30 வருடக் கணக்கில் அதற்குச் சுமார் 21.1 லட்சம்தான் கிடைக்கும். 2.9 லட்சம் இடிக்கிறது.

அண்டர்ரைட்டர் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த ஃபைலுக்குப் போய்விடுவார். ஒரிஜினேட்டரின் வேலையோ இங்கேதான் தொடங்குகிறது. கைப்பணத்தைக் கூட்டச் சொல்வதா, சில வருடம் வட்டி மட்டும் கட்டும் ஏற்பாடு கேட்பதா, பழுது பார்த்து வாடகை ஏற்ற இடமிருந்தால் பிரிட்ஜ் லோன் பக்கம் போவதா? இதை முதல் போன் காலிலேயே சொல்பவரை வாடிக்கையாளர் மறக்க மாட்டார். மூன்று மாதம் அலைக்கழித்துவிட்டு, கடைசியில் தொகையைக் குறைத்தவர்களிடம் அவர் ஏற்கெனவே சூடு பட்டிருப்பார்.

சுலபமான வாசல்

எடுத்த எடுப்பில் பெரிய அலுவலகக் கோபுரத்துக்குக் கடன் பிடிக்கப் போக வேண்டாம். சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ-வின் 504 திட்டத்தைப் பாருங்கள். கிளினிக் நடத்தும் பல் டாக்டர் தான் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தையே வாங்க நினைக்கிறார் என்று வையுங்கள். வழக்கமான பங்கீட்டில் 50 சதவீதம் வங்கியும், 40 சதவீதம் திட்டத்தின் வளர்ச்சி நிறுவனமும் தரும்; 10 சதவீதம் அவர் போட வேண்டும். ஏற்கெனவே கட்டிய கட்டடம் என்றால் 51 சதவீத இடத்திலாவது அவர் தொழில் நடக்க வேண்டும். இங்கே உரிமையாளரின் சொந்த வருமான வரிக் கணக்கையும் புரட்டியாக வேண்டும். சுயதொழில் செய்பவரின் வரிப் படிவத்தில் எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பது உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

இன்னொரு வழி, ஒரு நல்ல ஒரிஜினேட்டரிடம் அனலிஸ்டாகச் சேர்ந்து ஓரிரு வருடம் அவர் போன் பேசுவதைக் கேட்பது. ஃபேனி மேயின் டியூஎஸ் திட்டத்தில் அப்பார்ட்மெண்ட் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் நஷ்டத்திலும் பங்கு ஏற்கின்றன. அதனால் அண்டர்ரைட்டிங் தெரிந்த ஆளுக்கு அங்கே மதிப்பு உண்டு.

யாரைக் கூப்பிடுவது?

ஃபைல் இனி உங்களைத் தேடி வராது. கவுண்டி அலுவலகத்தில் பதிவான அடமானப் பத்திரங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வணிகக் கடன் பலவும் 30 வருடக் கணக்கில் தவணை போட்டாலும், பத்தாம் வருடம் மொத்த பாக்கியையும் கட்டச் சொல்லும். ஒன்பது வருடத்துக்கு முன் பதிவானவற்றை எடுத்து, கெடுவுக்கு ஒரு வருடம் முன்பே உரிமையாளரைக் கூப்பிடுங்கள். கூடவே சொத்துத் தரகர்கள், ஆடிட்டர்கள், வக்கீல்கள் பழக்கமும் வேண்டும்.

கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்

மாதாமாதம் வரும் ‘டிரா’ தொகை பின்னால் கமிஷனில் கழிக்கப்படுமா? வேலையை விட்டால் திருப்பிக் கட்ட வேண்டுமா? பேச்சு முடிந்து கடன் கைக்கு வரவே மாதங்கள் ஆகும். கமிஷன் அதற்கும் பிறகுதான். ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். வீட்டுக் கடனுக்கான என்எம்எல்எஸ் உரிமம் வணிகக் கடனுக்குப் பொதுவாகத் தேவையில்லை. ஆனால் கலிஃபோர்னியாவில் தரகராகச் செயல்பட மாநில உரிமம் வேண்டும். உங்கள் மாநிலச் சட்டத்தையும் பார்த்துவிடுங்கள்.

ராஜினாமாவுக்கு முன் ஒரு பயிற்சி. உங்கள் ஊரில் விற்பனைக்கு வந்திருக்கும் பத்து அப்பார்ட்மெண்ட்களை எடுத்து மேலே உள்ள கணக்கைப் போடுங்கள். பத்தாவதை முடிக்கும்போது, தாளைப் பார்க்காமலே ‘இதற்கு இவ்வளவுதான் கிடைக்கும், மீதிக்கு இப்படிச் செய்யலாம்’ என்று நண்பரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்ல முடிகிறதா? முடிந்தால் முதல் போனைப் போடலாம்.