சிறுநீர்ப்பையும் நானும்
(வேதியியல் துறை ஆசிரியர் ஒருவரின் அனுபவப் பாடம்)



நம் துறையில் பயின்றவர் எவரும் 'சாயச் சோதனை'யை மறந்திருக்க முடியாது. அனிலீனை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, பனிக்கட்டியில் குளிரவைத்து, சோடியம் நைட்ரைட் கரைசலைச் சேர்க்கிறோம். பிறகு காரத்தில் கரைத்த பீட்டா நாஃப்தாலை ஊற்றுகிறோம். அடுத்த கணமே சோதனைக் குழாயில் செந்நிறம் பொங்குகிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்த நிறத்தைக் காட்டி, "நிறம் தோன்றினால் காரணம் உண்டு, காரணத்தைக் கண்டுபிடிப்பதே வேதியியல்" என்று உங்கள் மூத்தவர்களுக்குச் சொல்லி வந்தவன் நான். ஆனால் என் உடலிலிருந்தே அந்த நிறம் தோன்றியபோது காரணம் தேடாமல் இருந்துவிட்டேன். அந்தக் கதையே இக்கட்டுரை.

முதல் அடையாளம்

2017ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் ஒரு காலைப்பொழுது. சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போயிற்று. வலி இல்லை, எரிச்சல் இல்லை. "சூடுதான்" என்று முடிவு கட்டினேன். இளநீர் குடித்தேன், பார்லிக் கஞ்சி குடித்தேன். இரண்டு நாளில் நிறம் தெளிந்தது. வைத்தியம் பலித்துவிட்டது என்று மகிழ்ந்தேன். மூன்று வாரம் கழித்து மறுபடியும் வந்தது, மறுபடியும் இளநீர். இப்படியே பொங்கல் வரை ஓடிற்று.

இங்கேதான் முதல் பாடம். சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் பொதுவான முதல் அடையாளம் வலியில்லாத இரத்தப்போக்குதான். அது தானாக நின்றும் விடும். பல நாள் வராமலும் இருக்கும். வலித்திருந்தால் மறுநாளே மருத்துவரிடம் ஓடியிருப்பேன். வலிக்காததே என்னை ஏமாற்றியது.

காரணம் தேடி

சிறுநீரியல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "சார், சிகரெட் பழக்கம் உண்டா?"

"கல்லூரி நாளிலிருந்து உண்டு. ஒரு நாளைக்குப் பத்து" என்றேன். அருகிலிருந்த என் மனைவி, "பதினைந்து" என்று திருத்தினார்.

நுரையீரலுக்குப் போகும் புகைக்கும் அடிவயிற்றிலுள்ள பைக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். இது முழுக்க முழுக்க நம் பாடமே. 1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகர அறுவை மருத்துவர் லுட்விக் ரேன், ஃபுக்சின் என்னும் செஞ்சாயம் தயாரித்த தொழிலாளரிடையே சிறுநீர்ப்பைக் கட்டிகளைக் கண்டு அறிவித்தார். அனிலீன்மீது முதலில் பழி விழுந்தது. பின்னர் பீட்டா நாஃப்தைலமீன், பென்சிடீன் முதலிய அரோமாட்டிக் அமீன்களே பெரிய குற்றவாளிகள் எனத் தெளிவாயிற்று. 1938இல் ஹியூப்பர் என்ற ஆய்வாளர் நாய்களுக்குப் பீட்டா நாஃப்தைலமீன் கொடுத்துக் கட்டிகள் உண்டாவதை மெய்ப்பித்தார். (நம் ஆய்வகத்துப் பீட்டா நாஃப்தால் வேறு, இது வேறு; பெயர் ஒற்றுமை கண்டு அஞ்ச வேண்டாம்.)

அந்த அமீன்கள் புகையிலைப் புகையிலும் இருக்கின்றன. புகையோடு இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் உருமாறி, சிறுநீரகம் வழியாக வடிகட்டப்பட்டு, சிறுநீர்ப்பையில் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கின்றன. பையின் உட்சுவர் அந்தக் கரைசலில் ஆண்டுக்கணக்காக ஊறுகிறது. வகுப்பில் அமீன்களைப் பற்றி எழுதிப் போட்டுவிட்டு, மணி அடித்ததும் வாயிற்கடையில் போய்ப் பற்றவைத்தவன் நான்!

உள்ளே பார்த்தல்

சிறுநீர்ப்பையை உள்ளே நுழைந்து பார்க்கும் 'சிஸ்டாஸ்கோப்' என்னும் அகநோக்கியை 1877இல் மேக்ஸ் நிட்சே என்ற ஜெர்மானியர் உருவாக்கிக் காட்டினார். அதன் வழித்தோன்றல் ஒன்று 2018 பிப்ரவரியில் என் உட்புறத்தைத் திரையில் காட்டியது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்ததால் நானும் திரையைப் பார்க்க முடிந்தது. இளஞ்சிவப்புச் சுவரில் கோழிக்கொண்டைப் பூவைப் போல ஒன்று நீரில் அசைந்துகொண்டிருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அது என்னவென்று தெரிந்ததால் உள்ளம் நடுங்கியது.

வெளியே கத்தி வைக்காமல், அதே வழியாகக் கம்பி வளையம் ஒன்றைச் செலுத்தி, மின்சாரத்தால் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். திசு ஆய்வில் அறிய வேண்டியவை இரண்டு: கட்டி எவ்வளவு தீவிரமானது? எவ்வளவு ஆழம் போயிருக்கிறது? பையின் சுவரில் உட்படலம், அதன்கீழ் இணைப்புத் திசு, அதன்கீழ் தசை என அடுக்குகள் உண்டு. தசையை எட்டாதவரை பையைக் காப்பாற்றிக்கொண்டே சிகிச்சை செய்ய இயலும். தசையைத் துளைத்துவிட்டால் பையையே எடுத்துவிட்டுக் குடலின் ஒரு பகுதியைக் கொண்டு சிறுநீருக்கு வேறு வழி அமைப்பது, அல்லது மருந்தும் கதிர்வீச்சும் சேர்த்துத் தருவது என்று சிகிச்சை கடுமையாகிவிடும்.

எனக்குத் தீவிர வகை, இணைப்புத் திசு வரை போயிருந்தது, தசையைத் தொடவில்லை. மார்ச் மாதம் மீண்டும் ஒருமுறை சுரண்டிப் பார்த்து அதை உறுதி செய்தார்கள்.

பழைய நண்பன் பி.சி.ஜி.

அடுத்து மருத்துவர் சொன்ன மருந்தின் பெயர் என்னை வியப்பில் ஆழ்த்தியது: பி.சி.ஜி.! உங்கள் தோளருகே தழும்பாக இருக்கிறதே, குழந்தைப் பருவத்துக் காசநோய்த் தடுப்பூசி, அதேதான். பிரான்சு நாட்டில் கால்மெட், கெரான் என்னும் இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 1908 முதல் பதின்மூன்று ஆண்டுகள் 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து அதன் வீரியத்தை அடக்கினர். நம் சென்னைக் கிண்டியிலும் 1948இல் இதற்கென ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. 1976இல் கனடாவில் மொராலஸ் என்ற மருத்துவர், இதைச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தினால் கட்டி திரும்புவது குறைகிறது என்று வெளியிட்டார். கிருமியைக் கண்டு உடலின் காவற்படை திரண்டு வர, அந்தப் படை புற்றணுக்களையும் சேர்த்துத் தாக்குகிறது.

வாரம் ஒன்றாக ஆறு வாரம். மெல்லிய குழாய் வழியே மருந்தை ஏற்றுவார்கள். இரண்டு மணி நேரம் அடக்கி வைத்திருக்க வேண்டும். வெளியேற்றிய பின் ஆறு மணி நேரம் வரை கழிவறையில் பிளீச்சிங் பவுடர் கொட்டிக் கழுவ வேண்டும். உயிருள்ள கிருமி அல்லவா! அன்றிரவு எரிச்சல், காய்ச்சல், கால் மணிக்கொரு முறை ஓட்டம். மறுநாள் மாலைக்குள் தணிந்துவிடும். வகுப்பின் நடுவே நான் வெளியேறியபோது சிரித்த மாணவர்களை நான் குறை கூறவில்லை. நான்தான் காரணத்தைச் சொல்லவில்லையே.

நான் தவறவிட்ட தேர்வு

இந்நோயின் குணம் திரும்பி வருவது. ஆகவே சிகிச்சையில் பாதி, கண்காணிப்பே. என்னைப் போன்றவர்களுக்கு முதல் இரண்டாண்டுகள் மூன்று மாதத்திற்கு ஒருமுறை, பின்னர் ஐந்தாண்டு முடியும்வரை ஆறு மாதத்திற்கு ஒருமுறை, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை என அகநோக்கிச் சோதனை நடக்கும். சிறுநீரில் உதிர்ந்த அணுக்களையும் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். இடையிடையே பி.சி.ஜி. மூன்று வாரத் தவணைகளாகத் தொடரும்.

ஜூனில் சுத்தம், செப்டம்பரில் சுத்தம். டிசம்பரில் விடைத்தாள் திருத்தும் முகாம் வந்தது. "பேப்பர் எங்கேயும் ஓடிப்போகாது, முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வாருங்கள்" என்று மனைவி மன்றாடினார். இரண்டு முறை சுத்தம் என்றார்களே என்ற துணிவு எனக்கு. உண்மையைச் சொன்னால், துணிவு அல்ல, பயம். சோதனைக்கு முந்தைய வாரம் உறக்கம் வராது. தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் மாணவனின் நிலைதான். அந்தப் பயத்திற்கு முகாம் நல்ல சாக்காயிற்று.

2019 ஏப்ரலில் போனபோது, புதிதாக இரண்டு சிறு கட்டிகள். மருத்துவர் திட்டவில்லை. "நான்கு மாதம் தாமதம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. நல்லவேளையாக அவை தீவிரம் குறைந்தவை, ஆழம் போகாதவை. சுரண்டி எடுத்து, மருந்தைத் தொடர்ந்தார்கள். அதன்பின் ஒரு நாளும் நான் தவறவில்லை. 2020 பொது முடக்கத்தில்கூட இ-பாஸ் வாங்கிக்கொண்டு போய் வந்தேன். அன்று முதல் இன்றுவரை எந்தச் சோதனையிலும் புதுக் கட்டி இல்லை. சிகரெட்டை, நோய் தெரிந்த அன்றே வாயிற்கடைக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

முடிவாக

சென்ற ஆண்டு சாயச் சோதனை நடத்திய நாளன்று, மறைக்காமல் இக்கதையை வகுப்பில் சொன்னேன். எல்லோரும் போன பிறகு ஒரு மாணவர் தயங்கி நின்றார். "சார், எங்கப்பாவுக்கும் அந்த மாதிரி போகுது. சூடுன்னு சொல்லிட்டிருக்கார்" என்றார். அவர் தந்தை சாயப்பட்டறைத் தொழிலாளி. மறுநாளே அழைத்துப் போகச் சொன்னேன். ஸ்கேனில் தெரிந்தது சிறுநீரகக் கல்தான். தேர்ச்சிப் பட்டியலில் தன் மகன் பெயரைக் கண்ட தந்தையைப் போல அன்று மகிழ்ந்தேன்.

நண்பர்களே! எல்லாச் சிவப்பும் புற்று அல்ல. ஆனால் எந்தச் சிவப்பையும் சோதிக்காமல் விடக்கூடாது. நிறம் தோன்றினால் காரணம் உண்டு. வீட்டில் பெரியவர் யாரேனும் "சூடு" என்று சொன்னால், இளநீரும் வாங்கிக் கொடுங்கள். கையோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.