தோள் அறுவை சிகிச்சை: வலி நீக்கமும் மூச்சும்



தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வலி கடுமையானது. அந்த முதல் இரவை நோயாளி எப்படிக் கடப்பார் என்பது, மயக்க மருத்துவர் மரத்துப்போகும் ஊசியை எந்த இடத்தில் போடுகிறார் என்பதைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. அவ்வகை ஊசிகள் மூன்றை இம்முறை ஒப்பிட்டுக் கற்போம்.

முதலாவது, இன்டர்ஸ்கேலீன் பிளாக். 1970இல் அலோன் வின்னி என்ற மருத்துவர் இதை விவரித்து எழுதினார். கழுத்தின் பக்கவாட்டில், இரண்டு ஸ்கேலீன் தசைகளுக்கு நடுவே, கைக்குச் செல்லும் நரம்பு வேர்களைச் சுற்றி மருந்து செலுத்தப்படுகிறது. தோள் நன்றாக மரத்துப்போகும். ஆனால் மூச்சுக்கு ஆதாரமான உதரவிதானத்தை இயக்கும் ஃபிரீனிக் நரம்பும் அங்கேதான் ஓடுகிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 20 மி.லி. மருந்து பெற்ற அனைவருக்கும் அந்தப் பக்கத்து உதரவிதானம் தற்காலிகமாகச் செயலிழந்தது. 5 மி.லி. பெற்றவர்களில் 45 சதவீதத்தினருக்கே அவ்வாறு நேர்ந்தது.

ஆரோக்கியமான இளைஞர் இதைப் பெரும்பாலும் உணரவே மாட்டார். நாட்பட்ட நுரையீரல் நோயுள்ள முதியவருக்கோ அந்தப் பாதி மூச்சே உயிர்ப்பிரச்சினை.

இரண்டாவது முறையில், தோள்பட்டை எலும்பருகே சுப்ராஸ்கேப்புலர் நரம்புக்கும் ஆக்ஸிலரி நரம்புக்கும் தனித்தனியே ஊசி போடப்படுகிறது. தோள் மூட்டின் உணர்ச்சியில் ஏறக்குறைய 70 சதவீதம் சுப்ராஸ்கேப்புலர் நரம்பின் வழியே செல்கிறது. தோள்பட்டையின் பின்புறத்தில் போடும்போது ஃபிரீனிக் நரம்பு தப்பிவிடும், கைவிரல்களும் மரக்காது. ஆயினும் மூட்டுக்கு வேறு நரம்புகளும் உண்டு. ஆகவே முதல் சில மணி நேரம் வலி சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

மூன்றாவது, நடுவழி. கழுத்தின் 5, 6ஆம் வேர்கள் இணைந்து உண்டாகும் மேல்தண்டில், சற்றுக் கீழே, அல்ட்ராசவுண்ட் துணையோடு மருந்து செலுத்துவது. 2019இல் வெளியான ஆய்வுகளில் வலி நீக்கம் ஏறக்குறைய முதல் முறைக்கு இணையாக இருந்தது. உதரவிதானப் பாதிப்பு வெகுவாகக் குறைந்தது. குறைந்ததே தவிர முற்றிலும் நீங்கவில்லை.

ஆகவே, வலியை அதிகம் போக்கும் ஊசியே எல்லாருக்கும் நல்ல ஊசி என்று சொல்வதற்கில்லை. வலியையும் மூச்சையும் ஒன்றாக நிறுத்துப் பார்த்தே மருத்துவர் தீர்மானிக்கிறார். நாம் செய்யவேண்டியவை இரண்டு. ஆஸ்துமா, மூச்சுத்திணறல், முன்பு செய்த கழுத்து அல்லது நெஞ்சு அறுவை ஆகியவற்றை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லவேண்டும். மரத்த நிலை தெளிந்தபின் வலி திடீரென்று திரும்பும். எனவே அது தெளியுமுன்னரே, மருத்துவர் சொன்ன நேரத்தில் வலி மாத்திரையை உட்கொள்ளவேண்டும்.