எலி வேட்டைக்காரரும் நிலக்காரரும்: அறுவடைக் காலத்தில் வரப்பிலும் பாதையிலும் அனுசரிக்கத்தக்க முறை

தை பிறந்து சம்பாக் கதிர் பழுக்கும் நாட்களில், செங்கற்பட்டு, காஞ்சீபுரம், திருவள்ளூர், விழுப்புரம் முதலிய ஜில்லாக்களின் வயல்வெளிகளில் இரு சாரார் ஒரே வரப்பின்மீது நடமாடக் காண்கிறோம். ஒரு சாரார் நிலக்காரரும் அவர்தம் ஆட்களும். மற்றொரு சாரார் கடப்பாரையும் மண்பானையும் ஏந்தி, ஓரிரு நாய்கள் பின்தொடர வரும் எலி வேட்டைக்காரர். இவர்களுள் இருளர் மிகுதி. காவேரிப் பாசனப் பகுதியில் மூங்கிற் கிட்டி வைத்து எலி பிடிப்போர் இதே வேலையை வேறு விதமாய்ச் செய்கின்றனர். நிலக்காரருக்கு விளைவைக் காக்க வேண்டும். வேட்டைக்காரருக்கு எலியும், எலி வளையில் சேர்த்து வைத்த நெல்லும் வேண்டும். இருவர் நோக்கமும் எலியின் அழிவிலேயே சென்று முடிகிறது. அங்ஙனமிருந்தும், ஒருவர்க்கொருவர் இரண்டு வார்த்தை முன்னதாகச் சொல்லிக்கொள்ளாத காரணத்தால், வரப்பு உடைவதும், வாய்ச்சண்டை மூள்வதும், சில சமயம் உயிருக்கே ஆபத்து நேர்வதும் உண்டு.

வயலெலியின் கருக்காலம் சுமார் 3 வாரமே. ஓர் ஈற்றில் 5 முதல் 10 குட்டிகள் வரை ஈனும். கதிர் பால் பிடிக்கும் காலந்தொட்டு ஆகாரம் மிகுதியாகக் கிடைப்பதால் அறுவடையை ஒட்டி இதன் பெருக்கம் உச்சத்தை அடைகிறது. தின்பதோடு அமையாது, கதிர்களைக் கத்தரித்து வளைக்குள் இழுத்துச் சென்று அறைகளில் நிரப்பி வைக்கும் குணமும் இதற்கு உண்டு. வளையின் வாயில் புதுமண் குவிந்திருந்தால் எலி உள்ளே குடியிருக்கிறது என்று அறியலாம். வரப்பு அகலமாகவும் புல் மண்டியும் இருக்குமிடத்தில் வளைகள் மிகுதி. ஆகையால் வரப்பைக் குறுக்கிச் சுத்தமாக வைத்தல் நிலக்காரர் தாமே செய்துகொள்ளக்கூடிய முதற் காப்பு.

நஞ்சுத் தீனியைக் காட்டிலும் வேட்டைக்காரர் கைவேலை சில விதங்களில் மேலானது. எலி சந்தேகப் பிராணி. தீனியைச் சிறிது தின்று உபாதை கண்டால் பின்னர் அதனைத் தொடாது. வேட்டைக்காரரோ வளையின் கிளைவழிகளை மண்ணைப் பார்த்தே அறிந்து, வாய்களையெல்லாம் அடைத்து, ஒரு வாயில் மூட்டம் போட்டு, தாயையும் குட்டிகளையும் ஒருங்கே எடுத்துவிடுகின்றனர். அடியில் துளையிட்ட பானைக்குள் வைக்கோலையும் தழையையும் புகையவிட்டு வாயால் ஊதுவது பழைய முறை. இதில் கையும் உதடும் வேகும். புகை நெஞ்சில் ஏறும். கையால் சுழற்றும் இரும்புக் கருவிகள் பிற்காலத்தில் வந்துள்ளன. இருளர் சமூகத்தாரின் அறிவு சாமானியமானதன்று. பாம்பு பிடிக்கும் தொழிலில் வல்லவரான அச்சமூகத்தார் இருவருக்கு 2023-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வரப்பைத் தோண்டுமுன்

வேட்டைக்காரர் நிலத்தில் இறங்குமுன் நிலக்காரரையோ, அவர் ஊரில் இல்லாவிடில் பயிரிடுபவரையோ கண்டு கேட்டல் முறை. கேட்கும்போது எந்த வரப்பு, எத்தனை பேர், புகை போடுவதுண்டா என்பவற்றையும் சொல்லிவிடுதல் நலம். நிலக்காரரும், கேட்க வந்தவரை வாசலில் நெடுநேரம் நிறுத்தி வைக்காமலும், ஒருமையில் அதட்டாமலும், இன்ன வரப்பைத் தோண்டலாம், இன்னதைத் தொடலாகாது என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். தெளிவான விடை கிடைக்காத இடத்திலேதான் கேளாமல் தோண்டும் பழக்கம் வளர்கிறது.

தோண்டலாகாத வரப்புகள் சில உண்டு. சம்பா அறுவடை முடிந்த கையோடு நவரைக்கு நீர் கட்டியுள்ள வயலின் வரப்பைத் தோண்டினால் ஓர் இரவில் நீர் வடிந்துபோம். மேட்டுக் கழனியிலிருந்து உடைத்துக்கொண்டு பள்ளக் கழனி நாற்றையும் அரித்துவிடும். காவேரிப் பாசனப் பகுதியிலோ வேறு விதமான இடர். அங்கே அறுவடைக்கு 7 முதல் 10 நாள் முன்பே நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தும் பச்சைப்பயறும் தெளித்துவிடுகின்றனர். அறுத்தபின் பார்ப்பவர் கண்ணுக்கு வெறும் தாளாகத் தோன்றும் வயலில் இரண்டிலைப் பயறு முளைத்து நிற்கும். வெளியூரிலிருந்து வரும் வேட்டைக்காரரும் நாய்களும் அதனை அறியாமல் மிதித்துப் போவதைக் குற்றமெனக் கொள்வது நியாயமாகாது. பயறு தெளித்த வயலின் வரப்பு முனையில் ஒரு கழியை நட்டு, அதில் வைக்கோற்பிரி ஒன்றைக் கட்டி வைத்தால், எழுத்தறியாதவருக்கும் அது விளங்கும்.

ஏரிக்கரையை எக்காரணம் பற்றியும் கடப்பாரையால் தோண்டலாகாது. கரையிலுள்ள எலிவளையும் ஆபத்தே; ஐப்பசி, கார்த்திகை மழையில் கரை கசிந்து உடைவதற்கு இவ்வளைகளும் ஒரு காரணம். அங்கே வளை கண்ட வேட்டைக்காரர் தாமே கைவைக்காது கிராம நிர்வாக அலுவலரிடமோ பாசனச் சங்கத்தாரிடமோ தெரிவிக்க வேண்டும். அவ்விதம் தெரிவிப்பவருக்கு ஒரு நாட்கூலி கொடுப்பது ஊருக்கு நஷ்டமாகாது.

தோண்டிய வரப்பை அன்றைப் பொழுதுக்குள் மூடி மிதித்துவிட வேண்டும். நல்ல வேட்டைக்காரர் இதனைச் சொல்லாமலே செய்வர். மூடப்படாத குழியில் நெற்கட்டைத் தலையில் சுமந்து வரும் பெண்ணாள் கால் வைத்தால் என்னாகும் என்பதை விரித்துச் சொல்ல வேண்டுவதில்லை.

வண்டிப்பாதையில்

முற்காலத்தில் வேட்டைக்காரர் நடந்தே வந்தனர். இப்பொழுது சைக்கிளிலும் மோட்டார் சைக்கிளிலும் வருகின்றனர். அவற்றை வயலில் வண்டி இறங்கும் இடத்திலேயே நிறுத்திவிட்டு, அரை மைல் தூரம் உள்ளே போய்விடுகின்றனர். அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருக்க, வழியை மறித்த வண்டிக்கு உரியவரைத் தேடி அலைவது நிலக்காரருக்குப் பெரும் எரிச்சல். பாதையின் அகன்ற பக்கத்தில், இறங்குமிடத்துக்கு அப்பால் நிறுத்துதல் வேண்டும். நிலக்காரரும் இவ்விஷயத்தில் குற்றமற்றவர் என்று சொல்வதற்கில்லை. நெல்லைத் தார் ரஸ்தாவின் பாதியில் பரப்பி, சுற்றிலும் கருங்கல்லை அடுக்கி, இரவில் நெல்லை வாரியபின் கல்லை அப்படியே விட்டுச் செல்லும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. இருட்டில் விடியுமுன் வேலைக்கு வரும் ஏழைகளே அக்கற்களில் மோதி விழுகின்றனர்.

இயந்திரம் அறுக்கும்போது எலிகள் ஒதுங்கி ஒதுங்கிக் கடைசியாக நிற்கும் கதிர்ப் பட்டையில் கூடும். அப்பட்டை அறுபடும் தருணத்தில் அவை நாற்புறமும் சிதறி ஓடும். வேட்டைக்காரருக்கும் நாய்களுக்கும் அதுவே பெரிய வேட்டை, ஆபத்தும் அப்பொழுதே. ஓட்டுநரின் பார்வை முன்னே வெட்டுத் தட்டின்மீது இருக்கும். பின்னும் பக்கத்திலும் நிற்பவரைக் காண்பது அரிது. ஆகையால் இயந்திரம் நின்று, ஓட்டுநர் கையசைத்த பின்னரே வயலுள் இறங்குதல் என்ற ஏற்பாட்டை, வேலை தொடங்குமுன் மூவரும் கூடிப் பேசிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அன்று வயலுக்கு அழைத்து வரலாகாது. மூட்டப் பானையை வைக்கோற்போருக்கும் அறுக்காத கதிருக்கும் அருகில் கொண்டுசெல்லாமலும், நெருப்பை நீரூற்றி அணைக்காமல் விட்டுப் போகாமலும் இருத்தல் வேட்டைக்காரர் கடமை.

நஞ்சு வைத்ததைச் சொல்லுதல்

இப்பாடத்தின் முக்கியமான பகுதி இதுவே. நிலக்காரர் பலர் வேட்டைக்காரரை எதிர்பாராது, எலி மிகுந்த கணமே கடைக்குச் சென்று மருந்து வாங்கி வைத்துவிடுகின்றனர். நான்கு நாள் கழித்து வேட்டைக்காரர் வந்து அதே வரப்பைத் தோண்டி, எலியைச் சுட்டுக் குடும்பத்தோடு உண்கின்றனர். தம் மருந்து எலியைத் தவிர வேறெவரையும் தொடாதென்று நிலக்காரர் எண்ணியிருப்பாரேயன்றி, மனிதருக்குக் கேடு செய்யும் எண்ணம் அவருக்குக் கனவிலும் இராது. ஆயினும் வாய் திறந்து சொல்லாமை இங்கே கேடாய் முடிகிறது.

வழக்கத்திலுள்ள மருந்துகளின் தன்மையை அறிந்துகொள்ள வேண்டும். ஜிங்க் பாஸ்பைடு, 1 பங்குக்கு 49 பங்கு தீனி என்னும் கணக்கில் கலந்து வைக்கப்படுவது. எலியின் இரைப்பையில் நச்சு வாயுவாக மாறி விரைவிற் கொல்லும். இதற்கென்று தனி மாற்று மருந்து கிடையாது. புரோமாடியோலோன் அவ்விதமன்று. அது இரத்தம் உறையும் தன்மையைக் கெடுத்து, சில நாள் சென்றபின் கொல்வது. அந்தச் சில நாட்களும் எலி வழக்கம்போல் ஓடியாடித் திரியும். துள்ளி ஓடிய எலியைத்தான் பிடித்தோம், ஆகையால் அதில் நஞ்சு இராது என்று வேட்டைக்காரர் கொள்ளும் நம்பிக்கை இவ்விடத்தில் முற்றும் தவறாகிறது. சுட்டாலும் வேகவைத்தாலும் நஞ்சு நீங்கிவிடும் என்று எண்ணலாகாது. நஞ்சு வைத்த நிலத்து எலியையும், அதன் வளை நெல்லையும் அந்தப் போகம் முழுவதும் உணவுக்குக் கொள்ளாதிருத்தலே தகுதி. வளைக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை இடப்பட்டிருக்குமாயின், தோண்டுபவர் முகத்திலேயே பாஸ்பீன் வாயு அடிக்கும். அம்மாத்திரை பயிற்சி பெற்றோர் கையாளத்தக்கது. சாதாரண நிலக்காரர் வாங்கி வைக்கத்தக்கதன்று.

ஆகையால் கேட்பதும் சொல்வதும் இருவர்க்கும் உரியன. வேட்டைக்காரர், “ஐயா, இந்தப் போகத்தில் இந்த வரப்பில் மருந்து வைத்ததுண்டா? பக்கத்து நிலத்தில் உண்டா?” என்று தவறாது கேட்க வேண்டும். நிலக்காரர் தமக்குத் தெரிந்ததைத் தெரிந்தவாறே சொல்ல வேண்டும். “பெரியவரே, கீழண்டை வரப்பில் சென்ற வெள்ளிக்கிழமை வைத்தோம், அடுத்த நிலத்துச் சங்கதி தெரியாது, அவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்” என்றால் போதும். பக்கத்து நிலத்தைப் பற்றிக் கேட்பது வீண் அன்று. எலிக்குப் பட்டா எல்லை தெரியாது. ஒரு நிலத்தில் தின்றது மறு நிலத்து வளையிற் படுக்கும். எவரேனும் அறியாமல் உண்டுவிட்டால், உபாதை தோன்றும்வரை காத்திராமல், மருந்துப் பொட்டலத்தையும் உடன் கொண்டு ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். புரோமாடியோலோனுக்கு வைட்டமின் கே-1 மாற்று மருந்தாகும். இன்ன மருந்து என்று வைத்தியருக்குத் தெரிந்தால்தான் அது உடனே பயன்படும்.

இதனினும் கொடியது மின்கம்பி. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் என்று சொல்லி, மோட்டார் கொட்டகையிலிருந்து 230 வோல்ட் மின்சாரத்தை வெறுங்கம்பியில் நேரே வரப்போரம் இழுத்துவிடுகின்றனர். இரவிலும் விடியற்காலையிலும் ஈர வரப்பில் நடப்பவர், கிட்டி வைக்கவும் எடுக்கவும் வரும் தொழிலாளரே. கம்பி அவர் கண்ணுக்குத் தெரியாது. இதனை முன்னதாகச் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று எவரும் கருத வேண்டாம். இது சட்ட விரோதம். உயிர் போனால் நிலக்காரர் குற்ற வழக்கில் நிற்க நேரும். கம்பியை அறுத்தெறிவது தவிர இதற்கு வேறு மரியாதை இல்லை.

வளை நெல்லும் மற்ற வேட்டையும்

வளையில் எடுத்த நெல்லில் பங்கு கேட்கும் நிலக்காரர் சிலர் உண்டு. எலி கொண்டுபோன நெல் நிலக்காரர் கணக்கில் முன்பே கழிந்துவிட்டது. அதனை மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது தோண்டியவர் உழைப்பு. அதனை அவருக்கே விடுவது வழக்கத்துக்கும் நியாயத்துக்கும் ஒத்தது. களத்தில் ஒரு மூட்டை குறைந்தால் உடனே வரப்பில் நின்ற இருளரை ஐயுறுவது அதனினும் தாழ்ந்த செய்கை.

முயல், உடும்பு, கௌதாரி ஆகியவை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காக்கப்படுபவை, வயலெலி அவ்விதமன்று. எலிக்கு வந்த வேட்டைக்காரரிடம் “ஒரு முயல் அகப்பட்டால் வீட்டுக்குக் கொடுத்தனுப்பு” என்று கேட்கும் கனவான்கள், வழக்கு வந்தால் அகப்படுபவர் அந்த ஏழையே என்பதை நினைவில் வைக்க வேண்டும். வளையிலிருந்து சாரைப்பாம்பு வெளிப்பட்டால் அதனைப் போகவிடுதல் இருவர்க்கும் லாபம். அதுவும் எலி தின்பதே.

கிராம அதிகாரிகளுக்கு

அறுவடை தொடங்குமுன் ஒரு நாள் மாலை, நிலக்காரரையும், அவ்வட்டாரத்துக்கு வழக்கமாக வரும் வேட்டைக்காரர் தலைவரையும் களத்திலோ பஞ்சாயத்து அலுவலகத்திலோ கூட்டிப் பேசுதல் பெரும் பயன் தரும். நஞ்சு வைத்த நிலங்களின் சர்வே எண்ணும் தேதியும் மருந்தின் பெயரும் ஒரு பலகையில் எழுதி, நெல் கொள்முதல் நிலையத்தின் வாசலில் வைக்கலாம். அறுவடைக் காலத்தில் எல்லோரும் வந்து போகும் இடம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்காக ஒலிபெருக்கியிலும் சொல்லுதல் வேண்டும். தண்டோரா போடும் முறை கைவிடப்பட வேண்டுமென அரசு 2022-ஆம் ஆண்டில் அறிவித்துவிட்டதால், அவ்வேலையைப் பறையடிப்போரிடம் ஒப்படைக்கலாகாது. வேட்டைக்காரர் தலைவரின் தொலைபேசி எண்ணைக் கிராம உதவியாளர் குறித்து வைத்திருந்தால், எலி மிகுந்ததாக நிலக்காரர் முறையிடும்போது, மருந்துக் கடையை நாடுமுன் அவருக்குச் சொல்லியனுப்பலாம். மருந்து வைத்தே தீரவேண்டிய நிலத்தில், மறுநாட் காலையில் எஞ்சிய தீனியையும் செத்த எலிகளையும் திரட்டி, கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் எட்ட ஆழமாய்ப் புதைக்கும்படி செய்து, அதன் பின்னரே பலகையில் அந்நிலத்துக்கு எதிரே தேதியைப் பதிய வேண்டும்.