சாவனிச் செடியின் கவாத்தும் கோடை மலர்ச்சியும்

வட இந்தியச் சமவெளியில் கடும் வெயிலால் பல செடிகள் வாடும் பருவத்தில், கொத்துக் கொத்தாக மலர்ந்து நிற்பது சாவனி. நாம் அறிந்த பூமருதின் இனத்தைச் சேர்ந்தது இக்குறுமரம். இதன் அறிவியற்பெயர் லாகர்ஸ்ட்ரோமியா இண்டிகா. சுவீடன் நாட்டு வணிகர் மாக்னஸ் வான் லாகர்ஸ்ட்ரோம் என்பாரின் நினைவாக, லின்னேயஸ் 1759-ஆம் ஆண்டில் இப்பேரினத்திற்குப் பெயரிட்டார்.

நன்கு தழைத்தும் பூக்காத சாவனிகள் வீட்டுத் தோட்டங்களில் உண்டு. நிழலும் காலந்தவறிய கவாத்துமே இதற்குப் பெரும்பாலும் காரணம்.

பூக்கும் முறை: சாவனி குளிர்காலத்தில் இலையுதிர்க்கும், பின் துளிர்க்கும். அவ்வாண்டுத் தளிர்க்கிளைகளின் நுனியிலேயே பூங்கொத்து தோன்றும். ஆகவே இலையற்ற காலத்தில் வெட்டினால் பூவுக்கு இழப்பில்லை. ஏப்ரலில் வெட்டினாலோ, பூக்க வேண்டிய நுனிகளே போய்விடும். புதுக்கிளை வளர்ந்து பூக்கும்வரை காத்திருக்க நேரிடும்.

கவாத்து: டிசம்பர் இறுதி முதல் ஜனவரிக்குள் முடித்தல் நன்று. உலர்ந்த கிளைகளையும், ஒன்றோடொன்று உராய்பவற்றையும், அடித்தூரில் எழும் வேண்டாத போத்துகளையும் நீக்குக. சென்ற ஆண்டுக் கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். தடித்த தண்டுகளை மொட்டையடித்தல் கூடாது; அவ்வாறு செய்தால் மெலிந்து நீண்ட கிளைகள் எழுந்து, மழையில் பூப்பாரம் தாங்காது சாயும். வெட்டியவற்றுள் பென்சில் பருமனுள்ளவற்றை 20 சென்டிமீட்டர் துண்டுகளாக்கி நாற்றங்காலில் நட்டால் வேர்விடும்.

நடுதலும் பராமரிப்பும்: நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும், நீர் தேங்காத இடம் வேண்டும். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில், 60 சென்டிமீட்டர் ஆழக் குழியில் மக்கிய தொழு உரமும் மேல்மண்ணும் கலந்து இட்டு நடுக. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிப் பூ குறையும். வாடிய கொத்துகளைக் காய்பிடிக்குமுன் கிள்ளினால் மீண்டும் பூக்கும்.

சாம்பல் நோய்: இலையிலும் மொட்டிலும் வெண்பொடி படர்ந்தால், நெருங்கிய கிளைகளைக் களைந்து காற்றோட்டம் தருக. நனையும் கந்தகத்தை லிட்டர் நீருக்கு 2 கிராம் வீதம் கலந்து, வெயில் ஏறுமுன் தெளிக்கலாம். கடும் வெப்பத்தில் தெளித்தால் இலை கருகும்.

பள்ளித் தோட்டத்தில்: ஒரே செடியில் ஒரு கிளையை ஜனவரியிலும், அதையொத்த மற்றொன்றை ஏப்ரல் இறுதியிலும் வெட்டி, வேறுவேறு நிற நூல் கட்டுக. ஒவ்வொன்றும் முதற்பூ விடும் நாளை மாணவர் குறித்து வரட்டும். எக்கிளையில் பூ பிறக்கிறது என்பதை அறிந்த பின்னரே கத்தரிக்கோலை எடுக்க வேண்டும் என்னும் பாடத்தை அக்குறிப்பே விளக்கிவிடும்.