தப்பித் துடிக்கும் இதயம்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (விலங்கியல்)

நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. "நெஞ்சுக்குள்ளே என்னவோ புரளுகிற மாதிரி இருக்கிறது" என்பார் ஒருவர். "ஒரு துடிப்பு நின்றுபோய், பிறகு திடுக்கென்று அடிக்கிறது" என்பார் மற்றொருவர். "நெஞ்சு கனக்கிறது, வலி என்றும் சொல்ல முடியவில்லை" என்பாரும் உண்டு. வீட்டிலுள்ளோர் "வாயுவாக இருக்கும்" என்று ஓமத் தண்ணீரோ சோடாவோ கொடுப்பர். சிலர் மருத்துவரிடம் செல்வர். அங்கு எடுக்கும் இ.சி.ஜி. பல சமயங்களில் சீராகவே இருக்கும். "ஒன்றுமில்லை, போய் வாருங்கள்" என்ற சொல்லோடு வீடு திரும்புவர். அன்றிரவே அந்தப் புரளல் மீண்டும் வரும். ஒன்றுமில்லை என்றால் இது என்ன? இக்கேள்விக்கு உடலியல் தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதயத்தின் தாளம்

தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து உப்புக் கரைசலில் இட்டாலும் அது சிறிது நேரம் துடித்துக்கொண்டிருக்கும் என்று பாடத்தில் படித்திருக்கிறோம். துடிக்க வேண்டும் என்னும் கட்டளை மூளையிலிருந்து வருவதில்லை, இதயத்திலேயே பிறக்கிறது என்பதற்கு இதுவே சான்று. நரம்புகள் அத்துடிப்பை விரைவுபடுத்தவும் தணிக்கவும் மட்டுமே செய்கின்றன.

மனித இதயத்தில் இக்கட்டளை பிறக்குமிடம் வலது மேலறையின் சுவரிலுள்ள சைனஸ் கணுவாகும். இதனை 1907 ஆம் ஆண்டில் ஆர்தர் கீத், மார்ட்டின் பிளாக் என்னும் இருவர் விளக்கினர். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானியரான சுனாவோ தவாரா, மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் இடையிலுள்ள கணுவை விவரித்தார். சைனஸ் கணுவில் எழும் மின்னலை மேலறைகளில் பரவி, இவ்விடைக் கணுவில் ஒரு வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதித்து, பின்னர் ஹிஸ் கற்றை, புர்கின்ஜி இழைகள் வழியாகக் கீழறைகளை அடைகிறது. மேலறைகள் சுருங்கிக் கீழறைகளை நிரப்புவதற்கே இந்தத் தாமதம்.

ஓய்வில் நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. 72 என்று கொண்டால் ஒரு நாளைக்கு 1,03,680 துடிப்புகள். இத்தனை துடிப்புகளில் சில தாளம் தவறுவது வியப்பன்று.

முந்தி வரும் துடிப்பு

மின்னலையை எழுப்பும் ஆற்றல் சைனஸ் கணுவுக்கு மட்டும் உரியதன்று. இதயத்தின் வேறு பகுதிகளிலுள்ள செல்களும் சில வேளைகளில் தாமாகவே அலையை எழுப்பிவிடும். அப்போது ஒரு துடிப்பு தனக்குரிய நேரத்திற்கு முன்பே வந்துவிடுகிறது. கீழறை நிரம்பாத நிலையில் வருவதால் அத்துடிப்பு வலுவற்றது; மணிக்கட்டு நாடியில் பலமுறை அது தெரிவதே இல்லை. அதன்பின் ஒரு நீண்ட இடைவெளி. அந்த இடைவெளியில் கீழறை வழக்கத்தைவிட அதிகமாக நிரம்புகிறது. இதயத் தசை எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு வலுவாகச் சுருங்கும் என்பது ஆங்கில உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கின் பெயரால் வழங்கும் விதி. எனவே அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. 'நின்றுபோனதாக' நாம் எண்ணும் துடிப்பு நிற்கவில்லை, அது முந்திக்கொண்டது. நம்மைத் திடுக்கிட வைக்கும் பெரிய அடியோ இயல்பான துடிப்பேயாகும். நலமாக உள்ளவர்களின் இதயத்தை ஒரு நாள் முழுதும் பதிவு செய்தாலும், பலரிடம் இத்தகைய முந்திய துடிப்புகள் சில காணப்படுகின்றன.

பத்து வினாடியும் ஒரு நாளும்

அப்படியாயின் இ.சி.ஜி.யில் அது ஏன் தெரிவதில்லை? இதயத்தின் மின்னோட்டத்தைத் துல்லியமாக வரையும் கருவியை உருவாக்கியவர் ஹாலந்து நாட்டின் வில்லெம் ஐந்தோவன். 1924 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. அக்கருவியின் பெருமையில் ஐயமில்லை. ஆனால் இன்று வழக்கமாக எடுக்கப்படும் இ.சி.ஜி. பதிவு செய்வது 10 வினாடிகளை மட்டுமே. ஒரு நாளில் 86,400 வினாடிகள் உள்ளன. அதாவது நாளின் 8,640 பங்குகளில் ஒரு பங்கைத்தான் அத்தாள் நமக்குக் காட்டுகிறது. இ.சி.ஜி. சீராக உள்ளது என்றால் அந்தப் பத்து வினாடிகளில் சீராக இருந்தது என்பதே அதன் பொருள்.

இக்குறையை நீக்க முயன்றவர் அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர். அவர் முதலில் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டியிருந்தது. எடையோ சுமார் 38 கிலோ. 1961 இல் அவர் தம் முறையை விளக்கி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இன்று அதே பெயரில் வழங்கும் கருவி சட்டைப் பையில் அடங்கும். அதை 24 மணி நேரமும் அணிந்துகொண்டு அன்றாட வேலைகளைச் செய்யலாம்.

என் தாயாருக்கு வயது 46. ஓராண்டுக்கு மேலாக அவருக்கு இத்தொல்லை உண்டு. மூன்று முறை எடுத்த இ.சி.ஜி.யும் சீராகவே இருந்தது. பின்னர் ஹோல்டர் கருவியைப் பொருத்தியபோது ஒரே நாளில் 1,140 முந்திய துடிப்புகள் பதிவாயின. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் அமைப்பில் குறை இல்லை. இரத்தத்தில் ஹீமோகுளோபின் மட்டும் 8.6 கிராமாக இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை உட்கொண்டபின் துடிப்புத் தொல்லை பெரிதும் குறைந்தது, அடியோடு நீங்கவில்லை. ஆயினும் இரவில் எழுந்து உட்கார்ந்து விடியும்வரை அஞ்சிக்கொண்டிருக்கும் நிலை இப்போது இல்லை. அது இன்னதென்று தெரிந்ததே பாதி மருந்தாயிற்று.

நடு வயதில் ஏன்?

இரத்தசோகை, தைராய்டு சுரப்பு மிகுதல், உயர் இரத்த அழுத்தம், இரத்தத்தில் பொட்டாசியம் குறைதல், தூக்கமின்மை, புகையிலை, மது, அளவுக்கு மீறிய காப்பி, ஆஸ்துமாவுக்கான சில மருந்துகள் ஆகியன இதயத் துடிப்பைக் கலைக்கக்கூடியவை. பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கும் பருவத்தில் ஏற்படும் ஹார்மோன் மாற்றமும் படபடப்பை உண்டாக்கும்.

நெஞ்சின் கனத்துக்கு வேறு காரணங்களும் உண்டு. உணவுக் குழல் இதயத்தின் பின்புறத்தை ஒட்டியே இறங்குகிறது. இரண்டிலிருந்தும் வரும் உணர்ச்சி நரம்புகள் தண்டுவடத்தின் ஏறத்தாழ ஒரே பகுதியை அடைகின்றன. ஆகவே இரைப்பை அமிலம் மேலேறுவதால் வரும் எரிச்சலையும் இதயத்திலிருந்து வரும் வலியையும் மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. 'வாயு' என்று நம் முன்னோர் கூறியதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வாயுவா இதயமா என்பதை வீட்டுத் திண்ணையில் தீர்மானிக்க முடியாது என்பதும் அதே உண்மையிலிருந்து பெறப்படுகிறது. ஆஞ்சியோகிராம் படத்தில் பெரிய இரத்தக் குழாய்கள் மட்டுமே தெரியும். அதில் தெரியாத நுண்குழாய்கள் சரிவர விரியாமையாலும் நெஞ்சுவலி வரலாம். இது பெண்களிடம் மிகுதி.

மனத்திற்கும் இதில் பங்குண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஈடுபட்ட வீரர்கள் பலரிடம் நெஞ்சுவலியும் படபடப்பும் இருந்ததையும், ஆராய்ந்தபோது இதய நோய் காணப்படாததையும் ஜேக்கப் டா கோஸ்டா என்னும் மருத்துவர் 1871 இல் எழுதினார். அச்சம் அட்ரினலின் சுரப்பை மிகுவிக்கிறது. அது துடிப்பைக் கலைக்கிறது. கலைந்த துடிப்பு மேலும் அச்சத்தைத் தருகிறது. எனினும் எல்லாப் பரிசோதனைகளும் முடியுமுன் "எல்லாம் மனப்பிரமை" என்று ஒருவரை அனுப்பிவிடுவது முறையன்று.

மருந்து ஏன் தருவதில்லை?

முந்திய துடிப்புகள் ஆபத்து என்றால் அவற்றை அடக்கிவிட்டால் போதுமே என்று தோன்றும். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்குத் துடிப்பை அடக்கும் மருந்துகளைக் கொடுத்து அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. மருந்துகள் முந்திய துடிப்புகளை அடக்கத்தான் செய்தன. ஆனால் மருந்து உண்டவர்களே அதிகமாக இறந்தனர் என்பது 1989 இல் வெளியாயிற்று. அன்று முதல் மருத்துவர்கள் எச்சரிக்கையாயினர். இதயத்தின் அமைப்பு நன்றாக இருந்து, முந்திய துடிப்புகள் குறைவாகவும் இருந்தால் பெரும்பாலும் மருந்து தேவையில்லை. தொல்லை மிகுந்தால் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை தருவர். மொத்தத் துடிப்புகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முந்தி வருமானால் நாளடைவில் இதயத் தசை தளரக்கூடும். அத்தகையோருக்கு மேற்சிகிச்சை உண்டு.

அஞ்சத் தக்கவை எவை?

இடையிடையே ஒன்றிரண்டு தப்புவது வேறு. தாளமே இல்லாமல் நாடி தாறுமாறாக ஓடுவது வேறு. பின்னது 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்னும் மேலறை நடுக்கமாக இருக்கலாம். மேலறைகள் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதால் அங்கு இரத்தம் தேங்கி உறைந்து மூளைக்குச் செல்லக்கூடும். இதனால் பக்கவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்காகிறது என்று அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகர ஆய்வு காட்டியது. நம் நாட்டில் சிறு வயதில் வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களுக்கு இது இளமையிலேயே வருவதுண்டு. இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தால் பக்கவாதத்தைப் பெருமளவு தடுக்கலாம்.

படபடப்போடு மயக்கம் வந்தாலும், வேலை செய்யும்போது நெஞ்சு இறுகினாலும், குடும்பத்தில் எவரேனும் இளவயதில் திடீரென இறந்திருந்தாலும் காலம் தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும். நெஞ்சில் பாரம் வைத்தாற்போன்ற அழுத்தம் சில நிமிடங்களில் தணியாமல், இடது கைக்கோ தாடைக்கோ பரவி, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தால் சோடா தேடிக் கொண்டிருக்கலாகாது. உடனே 108 ஐ அழைக்க வேண்டும்.

நாம் செய்யத் தக்கது

நம்மில் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். மருத்துவர் எழுதிய சீட்டை வீட்டில் வாசித்துச் சொல்பவர் நாமே. ஆகவே இந்தப் பாடம் தேர்வோடு முடிவதன்று.

கட்டைவிரலின் அடிப்புறம், மணிக்கட்டில் மூன்று விரல்களை மெல்ல வைத்து முழுதாக 60 வினாடி நாடியை எண்ணப் பழகுவோம். தொல்லை வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் நாள், நேரம், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, உண்ட உணவு, நாடி எண்ணிக்கை, தொல்லை நீடித்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வைப்போம். "எப்போதாவது என்னவோ செய்கிறது" என்ற சொல்லைவிட அந்த ஒரு பக்கம் மருத்துவருக்கு மிகவும் உதவும். அவர் "ஒன்றுமில்லை" என்று கூறினால், "மாரடைப்பு இல்லை என்கிறீர்களா? இரத்தசோகையும் தைராய்டும் பார்த்தாயிற்றா? ஒரு நாள் பதிவு தேவைப்படுமா?" என்று பணிவோடு கேட்போம்.

ஐம்பது வயதுவரை நமக்காக உழைத்த நெஞ்சங்கள் அவை. அவற்றின் தாளத்தைச் சற்றே கவனித்துக் கேட்பது நாம் கற்ற அறிவியலுக்கும் பெற்ற அன்புக்கும் செய்யும் கடமையாகும்.