பிடியரிசியும் உணவு வங்கியும்



திருகோணமலைத் துறைமுகத்திற்குக் கோதுமை கப்பலில் வருகிறது. சீனன்குடா ஆலையில் மாவாகி நாடெங்கும் செல்கிறது. ஆயினும் 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மண்ணெண்ணெய் இன்றி மீனவரின் வள்ளங்கள் கரையில் கிடந்தன. நாட்டில் சுமார் 63 இலட்சம் பேர் போதிய உணவின்றி இருந்ததாக ஐ.நா. நிறுவனங்கள் கணக்கிட்டன. உணவு ஊருக்கு வருவது வேறு; ஏழையின் அடுப்பைச் சேர்வது வேறு.

1967இல் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரில் ஜோன் வான் ஹெங்கல் என்ற கத்தோலிக்கர், வீணாகும் உணவைச் சேகரித்து வறியோருக்கு வழங்க, புனித மரியா பங்கின் துணையுடன் ஒரு களஞ்சியம் தொடங்கினார். அதுவே முதல் உணவு வங்கி.

நமக்கு இது புதிதன்று. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறாக எடுத்து வைத்தவர்கள் நம் பாட்டிமார். ஒரு பிடி 50 கிராம் என்றால் மாதம் 1½ கிலோ. 100 குடும்பங்கள் சேர்ந்தால் 150 கிலோ! பசி நாள்தோறும் வருகிறது. ஆகவே பகிர்வும் நாள்தோறும் வேண்டும். பெறுபவரின் மதத்தைக் கேளாதீர்கள், பெயரை வெளியிடாதீர்கள்.

சிந்திக்க: இன்றைய பிடியை உங்கள் பிள்ளையின் கையால் எடுத்து வைப்பீர்களா?