பட்டியல் போட்டவர் யார்?

கேள்வி: என் மகள் படிவம் நான்கில் படிக்கிறாள். 'என்ஜாய்' வந்தால் பின்னால் 'ஸ்விம்மிங்', 'வான்ட்' வந்தால் 'டு ஸ்விம்' என்று ஒரு நீண்ட பட்டியலை மனப்பாடம் செய்கிறாள். ஏன் அப்படி என்றால் பதில் இல்லை. இந்தப் பட்டியலை யார்தான் போட்டது?
— வாசகி, குளுவாங், ஜொகூர்

பதில்: ஆங்கிலேயர் வீட்டுப் பிள்ளைக்கு இந்தப் பட்டியல் தேவையில்லை, காதில் விழுந்தே வந்துவிடும். அது வெளியாருக்காகச் செய்யப்பட்டது. பெரும்பகுதி வேலை நடந்த இடம் தோக்கியோ! ஜப்பானியக் கல்வி அமைச்சுக்கு ஆலோசகராக 1922இல் அங்கே போன ஹெரால்ட் பாமர், எந்த வினை தனக்குப் பின்னால் எந்த வடிவத்தை ஏற்கும் என்று வகை பிரிக்கத் தொடங்கினார். அவரோடு சேர்ந்து உழைத்த ஏ. எஸ். ஹார்ன்பி, அந்த வகைகளுக்கு எண் கொடுத்து, வினைகளுக்கு நேரே அந்த எண்களைக் குறித்து, இரு நண்பர்களோடு ஓர் அகராதியே தயாரித்தார். அது தோக்கியோவில் அச்சேறிய ஆண்டு 1942. அதே ஆண்டு ஜனவரி 31இல்தான் ஜப்பானியப் படைக்கு முன் பின்வாங்கிய பிரிட்டிஷ்காரர்கள், ஜொகூர் பாருவை விட்டுக் கிளம்பி காஸ்வேயைத் தகர்த்தார்கள். சண்டை முடிந்தபின் 1948இல் ஆக்ஸ்போர்டு அச்சகம் அந்த அகராதியைத் தன் பெயரில் வெளியிட்டது. இன்று மாணவர்கள் புரட்டும் ஆக்ஸ்போர்டு 'அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்' அகராதி அதன் வாரிசு.

ஹார்ன்பி வழக்கத்தைப் பதிவு செய்தார். வழக்கம் அதற்கு வெகு முந்தியது. 'டு' முதலில் திசை காட்டும் சொல். பேருந்துப் பலகையில் 'டு மூவார்' என்று போடுவோமே, அதே 'டு'தான். அதனால் அதோடு வரும் செயல் பெரும்பாலும் இனிமேல் நடக்க வேண்டியது: வான்ட், ஹோப், பிளான், பிராமிஸ். 'இங்' வடிவமோ பழைய ஆங்கிலத்தில் வெறும் தொழிற்பெயர். இடைக்காலத்தில்தான் அது வினையைப்போல் நேராகச் செயப்படுபொருளை ஏற்கத் தொடங்கியது. பெயர் என்பதால் கையில் இருக்கும் பொருளைப்போல அதை ரசிக்கலாம், முடிக்கலாம்: என்ஜாய், ஃபினிஷ்.

இந்த விளக்கம் பாதி தூரம்தான் வரும். 'சஜெஸ்ட்' செய்வது இனி நடக்க வேண்டிய காரியம், ஆனாலும் 'இங்' கேட்கிறது. 'மேனேஜ்' செய்தது நடந்து முடிந்த காரியம், அது 'டு' கேட்கிறது. பல நூற்றாண்டுகளாக 'டு' இருந்த இடங்களில் 'இங்' மெல்லப் புகுந்து வந்திருக்கிறது என்று மொழி வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு வினையும் வெவ்வேறு காலத்தில் மாறியதால் விதி ஒழுங்காக இல்லை. ஆகவே அந்த மிச்சத்துக்கு மனப்பாடம்தான் வழி. ஆசிரியரைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் பரீட்சையில் அதிகம் சறுக்கும் இடத்தில் தமிழ் கைகொடுக்கும். 'கதவைப் பூட்ட மறந்தேன்' என்றால் கதவு திறந்து கிடக்கிறது. 'பூட்டியதை மறந்தேன்' என்றால் கதவு பத்திரம், நினைவுதான் போச்சு. 'ஃபர்கெட்' வினையின் இரண்டு வடிவமும் இதுவே. 'புகைக்க நின்றார்', 'புகைப்பதை நிறுத்தினார்' — 'ஸ்டாப்' அடங்கிவிட்டது. மலாயில் 'சுக்கா பெரெனாங்', 'மாஹு பெரெனாங்' என்று எதற்கும் ஒரே வடிவம்தான். பள்ளியில் மலாயில் யோசித்துப் பழகிய பிள்ளை, இந்த ஓரிடத்தில் வீட்டுத் தமிழில் யோசித்தால் பிழைத்துக்கொள்ளும். 'என்ஜாய்' விஷயத்தில் இது உதவாது. நமக்கு 'நீந்தப் பிடிக்கும்', 'நீந்துவது பிடிக்கும்' இரண்டுமே சரி.

கேள்வி: 'லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர்' என்று மின்னஞ்சலில் எழுதினேன். சிங்கப்பூர் மேலாளர் 'ஹியரிங்' என்று திருத்திவிட்டார். 'டு' வந்தபின் 'இங்' எப்படி?
— வாசகர், ஜொகூர் பாரு

பதில்: மேலாளர் சொன்னது சரி. இங்கே 'டு' இன்னும் பழைய திசைச் சொல்லாகவே நிற்கிறது. அதன்பின் 'தீபாவளி' என்று போட்டுப் பாருங்கள், 'லுக்கிங் ஃபார்வர்ட் டு தீபாவளி' பொருந்துகிறது. பெயர் உட்காரும் இடத்தில் வினை வந்தால் 'இங்' ஒட்டிக்கொள்ளும். 'யூஸ்ட் டு' இன்னொரு பொறி. 'ஐ ஆம் யூஸ்ட் டு க்யூயிங்' என்றால் காஸ்வே வரிசை பழகிவிட்டது. 'ஐ யூஸ்ட் டு க்யூ' என்றால் முன்பு நின்றேன், இப்போது இல்லை. இரண்டாவதை எழுதும் யோகம் உங்களுக்கு எப்போது வாய்க்கும் என்பது குடிநுழைவு முகப்பின் கையில்.